தொண்ணூற்று நான்கு பார் ஓய்வு

லண்டனில் பித்தளைக் காற்றுக்கருவிகளை முறையாகப் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் எனக்குத் தெரிந்து இருவர். அவர்களில் ஒருத்தியான நிலானி அண்மையில் ரெய்னர்ஸ் லேனில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒப்பெரா அரங்குகளில் இசைத்தாள்களுக்குப் பதிலாகத் திரைகள் வரத் தொடங்கிவிட்டன. நாம் வாசிக்காமல் காத்திருக்கும்போது எவ்வளவு தூரம் கடந்துவிட்டது என்பதைத் திரையே எண்ணிக் காட்டும் வசதியும் வரப்போவதாக அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"இனிக் கவுண்ட் பண்ணவே தேவையில்லை, அங்கிள். ஸ்கிரீன் சொல்லும். பிறகென்ன டென்ஷன்?"

கையில் கட்லட் தட்டுடன் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முப்பத்தோராண்டுகள் லண்டனில் ஓர் ஒப்பெரா இசைக்குழுவில் டியூபா வாசித்தேன். இத்தாலிய நாடகங்கள் வரும்போது டியூபாவை வைத்துவிட்டு, சிம்பாஸோ என்ற அதன் ஒல்லியான உறவினரை எடுத்துக்கொள்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இத்தாலியர்கள் தங்கள் அடிக்குரலுக்கு டியூபாவை விரும்பவில்லை. டியூபாவின் ஒலி உருண்டையானது, எல்லாவற்றுக்கும் அடியில் மெத்தை போலப் பரவிவிடும். அவர்களுக்கு வேண்டியிருந்தது டிரொம்போன்களோடு ஒட்டிக்கொள்ளும், விளிம்புள்ள ஒலி. "அவர்கள் எழுதியது மரப்பலகைக்கு. நாம் இத்தனை காலம் சோபாவைப் போட்டுக்கொண்டிருந்தோம்" என்பார் எங்கள் பிரிவின் தலைவராக இருந்த ஜெரால்ட்.

பயிற்சிக் காலத்தை விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் வாத்தியக் குழுவில், உயரமானவன் என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய கருவி எனக்குத் தரப்பட்டது. பதினெட்டு வயதில் இங்கே வந்தேன். குரோய்டனில் குடிவரவு அலுவலக வரிசையில் நின்றேன். இரவல் கருவியில் பயின்று இசைக் கல்லூரியில் இடம் பெற்றேன். அதன்பின் முதுகலைப் பட்டம், ஒன்பது ஆண்டுகள் பிறருக்குப் பதிலாகப் போய் வாசிக்கும் வேலை, இறுதியில் அந்த நான்காவது நாற்காலி. முதல் மூன்றில் டிரொம்போன் வாசிப்போர் இருப்பார்கள். மேடையின் விளிம்பு எங்கள் தலைக்கு மேல் கூரைபோல நீண்டிருப்பதால் பாடுகிறவரின் முகம் தெரியாது. குரல் மட்டும் வரும்.

மூன்று மணி நேர நாடகம் ஒன்றில் நான் ஊதியது கூட்டிப் பார்த்தால் இருபது நிமிடம் தேறும். எஞ்சிய நேரத்தில் செய்ததுதான் என் தொழில். என் பகுதித்தாளில் ஒரு தடித்த கோடும் அதன்மேல் ஓர் எண்ணும் இருக்கும். அத்தனை தாளச் சுற்றுகளுக்கு, அதாவது அத்தனை 'பார்'களுக்கு, வாய்திறவாமல் இருக்க வேண்டும் என்பது பொருள். ஒவ்வொரு பாரின் முதலடியிலும் அந்தப் பாரின் எண்ணை மனத்தில் சொல்ல வேண்டும். ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு, மூன்று இரண்டு மூன்று நான்கு. எட்டு முடிந்ததும் இடக்கையில் ஒரு விரலை மடக்க வேண்டும். இதனிடையே கருவி குளிர்ந்துவிடும். குளிர்ந்த பித்தளை சுருதி இறங்கும். ஆகவே நுழைவுக்குப் பதினாறு பார் முன்னதாக, ஓசை எழாதபடி வெப்பமூச்சைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். மூச்சை விடும்போதும் எண்ண வேண்டும். பக்கத்தில் முரசு அதிர்ந்தாலும் எண்ண வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு வரும் ஒலி பெரும்பாலும் நான்கே சுரங்கள், அதுவும் மிக மெல்லியதாக. தவறினால் அரங்கில் உள்ள எல்லோருக்கும் கேட்கும். முப்பத்தோராண்டுகளில் ஒரு நாளாவது பயமில்லாமல் நான் மேடைக்கு முன்னால் உள்ள இசைக்குழுவின் குழிக்குள் இறங்கியதில்லை.

ஜெரால்ட் பேச்சுக் குறைந்தவர். தன்னைவிட இளையவனுக்கும் கதவைத் திறந்து பிடிப்பார். என் முதற் பருவத்தில் ஒருநாள் காட்சி முடிந்ததும் கருவி துடைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்: "எந்த இடத்தில் எண்ணிக்கை தவறியது?"

"எங்கும் தவறவில்லை."

"எனக்கு நாற்பத்தொன்றில் தவறியது. உனக்குத் தவறவேயில்லை என்றால் நீ பொய் சொல்கிறாய், அல்லது தவறியது உனக்குத் தெரியவில்லை. இரண்டாவதுதான் எனக்குப் பயம்."

அன்று அவர் தம் பிரிவின் வழக்கத்தைச் சொன்னார். எண்ணிக்கையைத் தொலைத்தவர் உடனே கையை விரித்துத் தொடையில் வைக்க வேண்டும். விரித்த கையைக் கண்டால் அடுத்தவர் தம் எண்ணை விரல்களால் காட்டுவார். அதில் வெட்கம் இல்லை. மூடிய கையோடு உட்கார்ந்திருப்பதுதான் குற்றம். இன்னொன்றும் சொன்னார். பாடுகிறவர் மூச்செடுக்கவோ அழவோ பாட்டை நிறுத்தும் இடங்கள் உண்டு. அங்கே இசைக்குழு நடத்துநரின் தாளக்கோல் நின்றுவிடும். நம் எண்ணிக்கையும் நிற்க வேண்டும். பயந்தவர்கள் அந்த மௌனத்துக்குள்ளும் எண்ணிக்கொண்டே போவார்கள். "அந்த நேரம் நம்முடையது அல்ல, அவளுடையது" என்றார்.

காலப்போக்கில் எண்ணுவதில் நான் தவறாதவன் என்று பெயர் வந்துவிட்டது. ஜெரால்ட் ஓய்வுபெற்று ஹெலன் பிரிவின் தலைவியானபோது, டிரொம்போன்காரர் மூவரும் தாங்கள் எண்ணுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். நான் முன்னால் சாய்ந்து ஊதுவாயில் உதட்டை வைத்தால் அவர்கள் கருவிகளை உயர்த்துவார்கள். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவி யோகேஸ்வரி முதன்முறை வந்து பார்த்த நாடகத்தில் கடைசி அங்கம் வரை எனக்கு வேலை இருக்கவில்லை. வீடு திரும்பும் ரயிலில் சொன்னாள்:

"மூண்டு மணித்தியாலமா உங்களையே பாத்துக்கொண்டு இருந்தன். ஆடேல்ல, அசையேல்ல. பக்கத்தில இருந்த வெள்ளைக்காரி பாவம் பாத்து எனக்கு சொக்லேட் தந்தவ."

"கடைசியில ஊதினன் தானே."

"ஓம், அந்தப் பிள்ளை சாகேக்க. இஞ்சேருங்கோ, ஆரும் செத்தால்தான் உங்களுக்கு வேலையோ?"

உண்மைதான். இத்தாலியர்கள் எங்களை வைத்திருப்பது சாபத்துக்கும் சபதத்துக்கும் சாவுக்கும். அதன்பிறகு ஒவ்வொரு புதிய நாடகத்துக்கும் அவள் கேட்கும் முதற் கேள்வி, "இதில எத்தினை பேர்?" என்பதாகவே இருந்தது.

என் அறுபத்து மூன்றாம் வயதில், ஒரு மாரிகாலத்தில், அவள் நோயுற்றாள். கணையத்தில் வந்தது. பதினொரு வாரம். கடைசி நாட்களில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டு போயிற்று. தாதி ஒருவர் அதைக் கவனிக்கச் சொன்னார். நான் கட்டிலருகே இருந்து, ஒரு மூச்சு நின்று அடுத்தது வரும்வரை எண்ணினேன். மௌனத்தை எண்ணுவது எனக்குப் புதிது. இரண்டு பகலும் ஓர் இரவும் அதைச் செய்தேன்.

அவள் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமைப் பகற்காட்சி. ஹெலன் தொலைபேசியில், மாற்றாள் தயாராக இருக்கிறார், வரவேண்டாம் என்றாள். யோகேஸ்வரியின் தம்பி சிவமும் தடுத்தான்.

"இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ அத்தான். ஆர் கேக்கப் போகினம்?"

"வீட்டில இருந்து என்ன செய்யிறது, சிவம்?"

நான் போனேன்.

அந்தப் பருவத்தில் எங்கள் பிரிவில் ஒரு புதியவர் இருந்தார். பாஸ் டிரொம்போன் வாசிக்கும் ரூத், என் இடப்பக்கத்து நாற்காலி. இங்கே நாற்காலி உடனே நிரந்தரமாவதில்லை. 'டிரயல்' என்ற பெயரில் மாதக்கணக்கில் வாசிக்க வைத்துப் பார்ப்பார்கள். ரூத்துக்கு அது பத்தாவது மாதம். மறு செவ்வாய்க்கிழமை அவளைப் பற்றிய இறுதிக் கூட்டம். அவளுடைய காதில் விழுந்த முதல் அறிவுரை, "அவர் சாய்ந்தால் தூக்கு" என்பதாக இருந்திருக்கும். எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

மூன்றாம் அங்கம். தொண்ணூற்று நான்கு பார் ஓய்வு. அதன்பின் நாங்கள் நால்வரும் மிக மெல்லிய ஒரு கூட்டுச்சுரத்தை நாயகியின் கடைசி வரிக்கு அடியில் வைக்க வேண்டும். அந்தத் தொண்ணூற்று நான்காவது பாரில் முழு இசைக்குழுவும் மௌனமாக இருக்கும்படி எழுதியிருந்தார்கள். அதற்கு முன்னரே அறுபதைத் தாண்டிய பார்களில் ஓரிடத்தில் நாயகி பாட்டை நிறுத்தி மூச்சுக்குத் திணறுவாள். கோல் நிற்கும்.

அன்று கோல் நின்றது. மேலிருந்து அவளுடைய மூச்சு வந்தது, பிறகு வரவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு, மூன்று, நான்கு. கோல் மீண்டும் இறங்கியபோது என் மனத்தில் அடுத்த எண் தயாராக இருந்தது. அது மேடையின் எண்ணா, கட்டிலருகே எண்ணியதா என்று தெரியவில்லை.

கையை விரித்திருக்க வேண்டும். என் வலக்கை தொடையின்மேல்தான் இருந்தது. அதைத் திருப்ப வேண்டிய தூரம் அரை அங்குலம். வந்த முதல் நாளே கை விரித்தால், இவன் முடிந்தான் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். அந்த நாற்காலியும் போனால், ஹரோவில் உள்ள எங்கள் வீட்டைத் தவிர நான் போயிருக்க வேறு இடமில்லை. இந்தக் கணக்கை மட்டும் பிழையின்றிப் போட்டேன். கை மூடியே இருந்தது.

என் எண்ணிக்கையில் தொண்ணூற்று நான்கு வந்தது. சாய்ந்தேன். மூவரும் உயர்த்தினார்கள். ஊதினோம்.

நான்கு சுரங்களும் அந்த மௌனத்துக்குள் போய் விழுந்தன. ஒரு பார் முந்திவிட்டோம். நடத்துநரின் இடக்கை சட்டென்று எங்களை நோக்கி விரிந்தது. நடத்துநர் இத்தாலியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி; அவர் பார்வை என்மேல் விழவில்லை, ரூத்தின்மேல் நின்றது. பாஸ் டிரொம்போனின் ஒலி கூர்மையானது. கூட்டொலியில் முதலில் காதில் படுவது அதுவே. ரூத் தலையை நிமிர்த்தி அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

காட்சி முடிந்து அவள் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினாள். கொக்கி பூட்ட மறுத்தது. நான் கண்டேன். "நன்றாக வாசித்தாய்" என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை என் வாழ்வில் நான் சொன்னதில்லை.

ஞாயிறும் திங்களும் வீட்டில் இருந்தேன். திங்கள் மாலை சிவம் தன் கடையை வேலையாளிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொதியுடன் வந்தான். முதல்நாள் கொண்டுவந்தது தொடப்படாமல் இருப்பதைக் கண்டு கேட்டான். சொன்னேன்.

"ஒரு பார் எண்டால் எவ்வளவு நேரம் அத்தான்?"

"அந்த இடத்தில ஒரு நாலு செக்கன்."

"நாலு செக்கனுக்கோ ரெண்டு நாள் பட்டினி? நான் ரெண்டு மணித்தியாலம் பிந்திக் கடை திறந்திருக்கிறன்."

"அந்தப் பிள்ளையின்ர வேலை போகப்போகுது, சிவம். பிழை அவவில இல்லை."

"அப்ப சொல்லுங்கோவன்."

"சொன்னால் என்ர போகும்."

அவன் பொதியைப் பிரித்துத் தட்டில் போட்டான். "அக்கா இருந்தால் என்ன சொல்லியிருப்பா எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் ஒண்டும் சொல்லேல்ல. சாப்பிடுங்கோ" என்றான்.

செவ்வாய் காலை அரங்கின் உணவுக்கூடத்தில் ஹெலனின் எதிரே போய் அமர்ந்தேன். வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் முதலாவதைச் சொன்னேன்: "சனிக்கிழமை தவறு என்னுடையது."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எனக்குத் தொண்ணூற்று மூன்றுதான் முடிந்திருந்தது. இரண்டாம் டிரொம்போனுக்கும் அப்படியே. ரூத்தைக் கேட்டேன். அவளுக்கும் தொண்ணூற்று மூன்று." தேநீர்க் கோப்பையைத் தட்டில் சுழற்றினாள். "நீ வருகிறாய் என்றதும் நாங்கள் மூவரும் எண்ணினோம். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. உன்னைப் பற்றிய கவலையில் அவரவராக எண்ணினோம்."

"சரியான எண் கையில் இருந்தும் ஏன் ஊதினீர்கள்?"

"நீ சாய்ந்துவிட்டாய். உன்னை அங்கே தனியாக விட முடியவில்லை."

மூன்று தேர்ந்த கலைஞர்கள், பிழை என்று அறிந்தே, ஒரே நொடியில், தனித்தனியாக, எனக்காகப் பிழை செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தன் வாழ்க்கையை அதற்கு ஈடாக வைத்திருந்தாள். நான் அவளிடம் நன்றாக வாசித்தாய் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

"மதியம்வரை பார்ப்போம், நீ சொல்லாவிட்டால் நான் சொல்வது என்று இருந்தேன்" என்றாள் ஹெலன். "நீயே சொல்வது நல்லது."

ரூத்தைப் பற்றிய கூட்டத்தில் நின்றுகொண்டுதான் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. நாயகி நிறுத்திய இடத்தில் நான் எண்ணிக்கொண்டு போனேன் என்றும், தொலைத்தது தெரிந்தும் கை விரிக்கவில்லை என்றும், என் பக்கத்தில் இருந்தவர் என்னைத் தொடர்ந்தார் என்றும் சொன்னேன். காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடத்துநர் பென்சிலை மேசையில் வைத்தார்.

"உங்களைத் தொடர்ந்தார் என்கிறீர்கள். அவருடைய எண்ணிக்கை சரியாக இருந்ததா?"

"சரியாக இருந்தது."

"அப்படியென்றால் அவர் உங்களைத் தொடர்ந்திருக்கக் கூடாது."

ரூத்துக்கு நாற்காலி கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. டிரயலை மூன்று மாதம் நீட்டினார்கள். நான் கொடுத்த வாக்குமூலம் அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு மேலும் பயத்தைத் தந்தது.

ரூத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டு தோள்களையும் சற்று உயர்த்தி, "நீங்கள் இருபது வருடம் தவறியதில்லை என்றார்கள். நான் யார்?" என்றாள்.

"தொண்ணூற்று மூன்று என்று தெரிந்தவள். இனி நான் சாய்ந்தாலும் உன் எண்ணை நம்பு."

"அது சொல்ல எளிது" என்றாள். கோபத்தின் சாயல் இருந்தது. அது நியாயமானது.

அந்த மூன்று மாதத்தில் அதே நாடகம் மீண்டும் பட்டியலில் வந்தது. ஒவ்வொரு காட்சியிலும் கோல் நிற்கும் இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணாமல் இருப்பேன். நான்கு காட்சிகள் சரியாகப் போயின. அந்த நான்கிலும் வேறொருவர் நடத்த, மேல்வரிசைப் பெட்டியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இத்தாலிய நடத்துநர் ஐந்தாவதில் கோலுடன் எங்கள் முன்னாலேயே நின்றார். ரூத்தை அவர் கேட்கும் கடைசிக் காட்சி அதுவென்று எல்லோருக்கும் தெரியும்.

நாயகி நிறுத்தினாள். கோல் நின்றது. நான் எண்ணவில்லை என்றுதான் நினைத்தேன். விரல்களை மடக்கிக்கொண்டு போனேன். தொண்ணூற்று நான்கு வந்தது. ஐயமே இல்லாமல் வந்தது. சாய்ந்து, ஊதுவாயில் உதட்டை வைத்து, மூச்சை இழுத்தேன்.

இடப்பக்கத்தில் அசைவில்லை. ரூத்தின் கருவி அவள் மடியிலேயே கிடந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெலன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, உயர்த்தத் தொடங்கிய கையை நடுவழியில் நிறுத்தினாள்.

இழுத்த மூச்சை ஓசையின்றி வெளியே விட்டேன். மேலே முழு அரங்கும் மௌனமாக இருந்தது. இசையமைத்தவர் எழுதிய அந்த மௌனப் பாரின் நான்கு அடிகளும் எதுவும் கலக்காமல் கடந்தன.

பிறகு ரூத் உயர்த்தினாள். ஹெலனும் மற்றவரும் உயர்த்தினார்கள். நான் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

திரை விழுந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மன்னியுங்கள்."

"எதற்கு?"

"தனியாக விட்டதற்கு."

நான் அவளுக்கு நன்றி சொன்னேன். மறுவாரம் அவளுடைய பெயர் நிரந்தரப் பட்டியலில் வந்தது. அதே நாள், இம்முறை தவறியதே எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி, ஹெலனிடம் என் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன்.